பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவள்

பஸ் இரைச்சலில் உங்கள் போன் எடுபடவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள் தம்பி. எனக்காக இல்லை, படத்துக்காக. அந்தப் படத்துக்குச் சத்தத்தில்தான் உயிர். போலீஸ் வேலையை உதறியவன், அவன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், இவன் பரணில் கிடந்த துப்பாக்கியை எடுக்கிறான். அதுதானே? போன மாதமே வீட்டில் பார்த்தாகிவிட்டது. மகளைத் தூக்கினவன் வேறு யாருமில்லை, அவனுடைய மச்சினன். அடடா, முடிவைச் சொல்லிவிட்டேனா? பாதகமில்லை. அந்த மச்சினன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் ஒருத்தன் வயலினை இழுக்கிறான், கேளுங்கள். நல்லவனுக்கு எதற்குத் தம்பி வயலின்?

பத்துக்கு நான்கு மார்க் போட்டேன். அதுவும் அந்தத் துப்பாக்கிக்காக.

மதுரைக்கா போகிறீர்கள்? நாங்களும் அங்கேதான். நாங்கள் என்றால் நானும், முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளே, அவளும். செண்பகவடிவு. நாற்பத்து மூன்று வருஷமாக என் வீட்டுக்காரி. என் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். நான்தான் அங்கே காற்று நன்றாக வரும் என்று தள்ளிவிட்டேன். கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம். நான் சொல்லப்போவது அவள் காதில் விழுந்தால் என் குடும்பம் இரண்டு துண்டாகப் போய்விடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் பேர் திருமேனி. ராஜபாளையத்து நூல் மில்லில் முப்பத்தாறு வருஷம் டைம் கீப்பர். அந்தக் காலத்தில் என் கண் சாதாரணக் கண் இல்லை தம்பி. மில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் மேற்கே மலையில் கரடி பல் குத்துவது தெரியும். எந்தக் குச்சியால் குத்துகிறது என்பதும் தெரியும். நம்பாவிட்டால் மானேஜரைக் கேட்டிருக்கலாம், பாவம் அவர் இறந்துபோனார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் படம். அது எங்கள் குடும்பத்துச் சட்டம். சென்னையில் என் மகள் செல்வி வீடு, ஓசூரில் என் மகன் மாரீஸ்வரன் வீடு, ராஜபாளையத்தில் எங்கள் வீடு, மூன்றிலும் ஒரே நேரத்தில் ஒரே படம் ஓடும். முடிந்ததும் போனில் மூன்று வீடும் ஒன்றுகூடும். முதலில் என் தீர்ப்பு. நான் மார்க் போடாமல் எவரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு பேய்ப்படம் போட்டார்கள். இருபது வருஷமாக அந்தப் பேய் பங்களாவில் குடியிருக்கிறது, ஒரு கதவுக்கு எண்ணெய் விடத் துப்பில்லை, எதைத் திறந்தாலும் கிறீச் என்கிறது. இரண்டு மார்க். மலையாளத்துக்காரன் படம் ஒன்று, இரண்டரை மணி நேரமும் மழை. படம் முடிந்து எழுந்தபோது என் வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டேன். எட்டு மார்க். கொரியாக்காரன் படத்தில் செத்தவனெல்லாம் எழுந்து வந்து கடிக்கிறான், கடிபட்டவன் நம்ம ஊர்த் தமிழில் "யாத்தே" என்று அலறுகிறான். அந்த "யாத்தே"க்காகவே ஏழு.

"அப்பா தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது" என்பாள் செல்வி.

இப்போது ரகசியம். ஆனி மாதத்திலிருந்து எனக்குக் கண் தெரியவில்லை.

உஸ். திரும்பிப் பார்க்காதீர்கள், அவள் கவனித்துவிடுவாள். இடது கண் சாத்திய ஜன்னல். வலது கண்ணில் யாரோ பால் ஊற்றி வைத்த மாதிரி. வெளிச்சம் தெரியும், நிழல் அசைவது தெரியும். உங்கள் முகம் எனக்கு ஒரு தோசை. குரலை வைத்துத்தான் தம்பி என்கிறேன். வீட்டில் பிரச்சினையில்லை, எந்த வாசற்படி எத்தனை விரற்கடை என்று கால் அறியும். டி.வி.தான் வில்லன். சாயங்காலம் ஐந்து பேர் சேர்ந்து, "அப்பா, அந்தக் கடைசிச் சீன் எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? சித்திரையில் மாரீஸ்வரனுக்குக் குழந்தை பிறந்தது. பேர் வைக்க ஓசூர் போயிருந்தோம். அங்கே வைத்தே பிள்ளைகள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். "ரெண்டு பேரும் நல்லா இருக்கிற வரைக்கும் ராஜபாளையத்துலயே இருங்க. ஒருத்தருக்கு ஒண்ணுன்னாலும் வீட்டைப் பூட்டிட்டு வந்துடணும்." சரி, எங்கே வருவது? மாரீஸ்வரன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அப்பாவால் ஏற முடியாது. ஆனால் அங்கேதான் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆகவே அம்மா ஓசூருக்கு, அப்பா சென்னைக்கு. பாகம் பிரித்தாகிவிட்டது. கெட்ட எண்ணம் இல்லை தம்பி, அன்பாகத்தான் பிரித்தார்கள்.

எனக்கு அவளை விட்டு இருக்க முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பின்கட்டில் ஒரு முருங்கை நிற்கிறது. கம்பளிப்பூச்சி சீசனில் அதை யார் பார்ப்பது? அதற்காகத்தான்.

அதோ, அவள் குரல், கேட்டீர்களா? "கிருஷ்ணன்கோவில் வந்தாச்சுங்க! வலது பக்கம் பூக்கடை!" வந்தால் வரட்டுமே! நாம் இறங்கப்போவது மதுரையில். பூக்கடை எந்தப் பக்கம் இருந்தால் எனக்கென்ன? இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இதுதான் என் வயிற்றெரிச்சல்.

கல்யாணமான புதிதில் தியேட்டருக்குக் கூட்டிப்போனால் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் படத்தின் நடுவே ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்திருக்கிறாள். "தியேட்டர்ல தீப்புடிச்சிருக்கு போல, எந்திரிங்க." அவ்வளவுதான். இப்போது? படம் தொடங்கினதும் வாய் திறந்தால் வணக்கம் போடும்வரை மூடுவதில்லை. "அய்யய்யோ, அவ கத்திய முந்தானைக்குள்ள ஒளிக்கிறாளே. இவன் பின்னால வந்து நிக்கிறது அவளுக்குத் தெரியலியே. சிரிக்கிறான் பாருங்க, சண்டாளன்." எனக்கு ரத்தம் கொதிக்கும். "ஏட்டி, கொஞ்சம் வாயை மூடு, படம் பாக்கணும்" என்பேன். "நான் பாட்டுக்குப் புலம்பிக்கிட்டு இருக்கேன், நீங்க பாருங்க" என்பாள். மறுபடி ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் நான் யார்? டைம் கீப்பர். அவள் தொணதொணப்பில் எனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வேன். பொம்பளை புடைக்கும்போது சிதறுகிற சோளத்தைக் கோழி பொறுக்குவது போல. அதை வைத்து ஒரு தீர்ப்புக் கட்டுவேன். "கத்தியை முந்தானையில ஒளிச்சாளே, அந்த இடத்துல என்னமா நடிச்சிருக்கா!" சென்னையும் ஓசூரும் கைதட்டும். இவள் ஒன்றும் பேசமாட்டாள். தன் பேச்சிலிருந்தே எடுத்தேன் என்பதுகூட இவளுக்கு உறைப்பதில்லை. வெகுளி.

புரட்டாசியில் ஒரு தடவை சறுக்கிவிட்டேன். கிராமத்துப் படம். வயல், வாய்க்கால், பாவாடை கட்டிய ஒரு பெண். போனில் மூன்று வீடும் கூடியதும் நான் ஆரம்பித்தேன். "பச்சைப் பசேல்னு அந்த வயலும், அதுல அரக்குப் பாவாடையும்... கலர்னா அதுதான்யா கலர்!" பிறகு என் மாப்பிள்ளை சுதாகர் நிதானமாகக் கேட்டார், "மாமா, அது கறுப்பு வெள்ளைப் படமாச்சே?"

இந்தக் காலத்துப் படம்தான் தம்பி. எவனோ ஒரு மேதாவி டைரக்டர் வேண்டுமென்றே கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தொலைத்திருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு இவள் வாய்க்கால் மீனைக்கூடச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை. ஆனாலும் விடவில்லை. "நல்ல டைரக்டர் கறுப்பு வெள்ளையிலயே பச்சையக் காட்டுவான் மாப்பிள்ளை. உங்களுக்குத் தெரியலேன்னா நல்ல கண்ணாடியாப் போடுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. என் காது பாம்புக் காது, எத்தனை சிரிப்பு வந்தது என்று எண்ணிவிடும். ஒன்று குறைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் இவள் தொல்லை இன்னும் ஏறிவிட்டது. நிறம் வேறு சொல்ல ஆரம்பித்தாள். "மஞ்சச் சட்டைக்காரன் வந்துட்டான், நீலக் காருல ஏறுறான்." யார் கேட்டார்கள்?

போன சனிக்கிழமை மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். சுதாகர். தனியாக. விருதுநகருக்கு ஆபீஸ் வேலையாக வந்தாராம். சாப்பிட்டார், கை கழுவினார், துடைத்துக்கொண்டே சொன்னார். "மாமா, நாளைக்கு வரைக்கும் எதுக்கு? ஒரு படம் கொண்டாந்திருக்கேன், இப்பவே பாத்துடுவோம். இதுல வசனமே கிடையாது. ஒரு வார்த்தைகூட. உங்களுக்குப் புடிக்கும்."



நான் நாற்காலியில். அவர் பக்கத்துச் சோபாவில். இவள் என் நாற்காலிக்குக் கீழே தரையில். படம் தொடங்கிற்று. கடல் சத்தம், காற்று, வேறு ஒன்றுமில்லை. இவள் ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ பாவம், தாடிக்காரன் ஒருத்தன் தீவுல ஒத்தையில இருக்கான். கலங்கரை விளக்கு. படியேறிப் போறான், கையில சிவப்பு லாந்தர். கீழ வெள்ளை நாய் ஒண்ணு..."

"அத்தை" என்றார் சுதாகர். "மாமாவுக்குக் கண்ணு இருக்குல்ல. அவரே பாப்பாரு."

இவள் நிறுத்திவிட்டாள். அந்த நேரத்தில் இவள் மூச்சு என் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது, அது ஒரு கணம் நின்றுபோயிற்று.

"ஒரு காப்பி போடுங்களேன் அத்தை."

"படம் முடியட்டும் மாப்பிள்ளை."

"தலைவலி அத்தை."

மாப்பிள்ளை தலைவலி என்று சொன்ன பிறகு உட்கார்ந்திருக்க எந்த மாமியாரால் முடியும்? எழுந்தாள். அடுக்களைக்குப் போகிற கொலுசுச் சத்தம் கேட்டது. அந்தக் கொலுசு ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்று போயிற்று.

இப்போது நானும் அவரும் கடலும்.

"நாய் எப்படி மாமா?"

"நாய்க்கென்ன, மனுசனை விட நல்லா நடிக்குது."

"இப்ப அவன் கையில என்ன வெச்சிருக்கான்?"

லாந்தர் என்று சொல்ல வாயெடுத்தேன். லாந்தரைக் கீழே வைத்திருந்தால்? "படம் பாக்கிறப்பப் பேசுனாங்கன்னு உங்க அத்தையத் துரத்துனீங்க. இப்ப நீங்க பேசுறீங்களே மாப்பிள்ளை?" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது கடல் நின்றுபோயிற்று.

அலைச் சத்தம் இல்லை. காற்று இல்லை. சரி, தாடிக்காரன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பான் என்று முதலில் நினைத்தேன். திரையில் ஒரு வெள்ளைத் திட்டு. அசையவில்லை. தூங்குகிறானோ? செத்துவிட்டானோ? சுவர்க் கடிகாரம் அடிக்கிற ஒவ்வொரு நொடியும் எனக்குக் கேட்கிறது. முப்பது எண்ணினேன். நாற்பது. சோபா கிறீச் என்றது. அவர் திரும்பி உட்கார்ந்துவிட்டார். படத்தைப் பார்க்கவில்லை தம்பி. என்னைப் பார்க்கிறார். பார்க்கிறவன் மூச்சு முகத்தில் படும், உங்களுக்கு அது தெரியாது, கண் உள்ளவர்களுக்குத் தெரியாது.

சிரிக்கவேண்டிய சீனா, அழவேண்டிய சீனா? ஒன்றும் செய்யாமல் இருந்தால் தூங்கிவிட்டேன் என்பார். ஏதாவது செய்தால் மாட்டிக்கொள்வேன். அறுபது எண்ணினேன். என் கைவிரல் நாற்காலிப் பிரம்பைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. ஓசூர் பஸ்ஸில் இவளை ஏற்றிவிடுவது மாதிரி ஒரு நினைப்பு வந்தது. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். எந்த முட்டாள் நினைப்பு எந்த நேரத்தில் வருகிறது பாருங்கள்.

"மாமா" என்றார், ரொம்ப மெதுவாக. "இந்தச் சீன் எப்படி?"

"அருமை" என்று சொல்லப் போனேன். 'அ' மட்டும் வந்தது.

அப்போது பால் பொங்கி அடுப்பில் கருகுகிற வாசம். கூடவே அடுக்களை வாசற்படியிலிருந்து இவள் குரல், வீடே அதிர. "ஏன் மாப்பிள்ளை, படத்தை நிறுத்தி வெச்சுட்டு ரெண்டு பேரும் அந்த வெள்ளைப் பாறையையே வெறிக்கப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

நிறுத்தி வைத்திருக்கிறார்! ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு என்னைக் கேட்டிருக்கிறார்!

"அதான் நானும் பாக்கிறேன்" என்றேன் உடனே. "மாப்பிள்ளை எப்ப ஓடவிடுவாருன்னு பொறுத்துப் பொறுத்துப் பாக்கிறேன். பாறைக்கு மார்க் போடச் சொல்றாரு வடிவு!"

எப்படி? கண் போனால் என்ன, மூளை இருக்கிறதே. ஆனால் இவளைப் பாருங்கள், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசற்படியில் என்ன வேலை? கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூடப் பாலைப் பொங்கவிட்டவள் இல்லை. வயதாகிறது, கவனமில்லை. நல்லவேளை, நான் சமாளித்தேன்.

"போன் வந்துச்சு அத்தை, அதான் நிறுத்தினேன்" என்றார் சுதாகர். போன் ஒன்றும் வரவில்லை. மறுபடி கடல் ஓடிற்று. இவள் வந்து என் காலடியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். தாடிக்காரன் படகு செய்கிறான், நாய் பலகையைக் கடித்து இழுத்து வருகிறது, கடைசியில் நாயை மட்டும் கரைக்கு அனுப்புகிறான். இந்தத் தடவை மாப்பிள்ளை இவளை அதட்டவே இல்லை. நான் ஒன்பது மார்க் போட்டேன்.

புறப்படும்போது வாசலில் நின்று இருவரும் கிசுகிசுத்தார்கள். என் காதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

"எத்தனை நாளா அத்தை?"

"நாப்பத்தி மூணு வருசமா மாப்பிள்ளை."

இவள் பேச்சுத் தொல்லையைப் பற்றி விசாரிக்கிறார் பாவம். இவளுக்குக் கணக்கும் வரவில்லை, நாலைந்து மாதம் என்று சொல்லவேண்டியதுதானே. அப்புறம் அவர், "அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் அத்தை. அதுக்கு மேல செல்விகிட்ட என்னால மறைக்க முடியாது" என்றார். என்னத்தை மறைப்பது? படத்தை விலை கொடுத்து வாங்கினாரோ என்னவோ. செல்வி சிக்கனக்காரி.

இன்றைக்குப் புதன். ஆனால் அதிர்ஷ்டத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் இவள் வந்து நிற்கிறாள். "ஏங்க, எனக்குக் கண்ணு மங்கலாத் தெரியுது. மருதைக்குப் போய்க் காட்டிட்டு வந்துடுவோமா? தனியாப் போக பயமா இருக்கு, துணைக்கு வாங்க." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல்நாள் சாயங்காலம் விளக்குப் போடுமுன்னே ஊசியில் நூல் கோத்தவள்! சரி, பொம்பளைக்கு அப்படி ஒரு பயம். எனக்கு லாபம். துணைக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் அந்தப்பக்கம் போனதும், "டாக்டர், சும்மா என் கண்ணையும் ஒரு பார்வை பாருங்க" என்று சொல்லிவிடுவேன். அறுத்துத் துடைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் பார்த்துவிடலாம். அறுக்க முடியாது, காலம் கடந்துபோயிற்று என்று டாக்டர் சொல்லிவிட்டால்? சொன்னால் என்ன. சொல்ல மாட்டார். எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், இந்த இடத்தில் வயலின் வரக் கூடாது.

திருமங்கலம் தாண்டிவிட்டதா? அப்போதே சொன்னாளே.

என்ன கேட்டீர்கள்? இவள் எப்போதிலிருந்து இப்படிப் பேச ஆரம்பித்தாள் என்றா?

ஆடியிலிருந்து. நாள்கூட ஞாபகம் இருக்கிறது. ஆடிப்பூரத் தேர் பார்க்க வில்லிபுத்தூர் போயிருந்தோம். ஒரே கூட்டம். வடம் பிடிக்கிற சத்தம் நாலா பக்கமும் கேட்கிறது. உயரமாக ஒரு நிழல் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர ஆண்டாளைக் கும்பிட்டேன். இவள் வந்து என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். நான் கும்பிட்டது கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்ற தண்ணி லாரியாம். "லாரியிலயும் சாமி இருக்குடி" என்று ஒரு போடு போட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தோளில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் படத்தின் நடுவே பேச ஆரம்பித்தாள்.

...

இல்லை தம்பி. அப்படி இருக்காது. அவள் வெகுளி.

அப்படியென்றால் அன்றைக்கு அந்தப் பால்...

"ஏங்க! மாட்டுத்தாவணி வந்தாச்சு! குறுக்க ஒரு பச்சை பஸ்ஸு நிக்குது, அதைத் தாண்டி நிறுத்துவாரு. படி உயரமா இருக்கு, கீழ தண்ணி தேங்கியிருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, வந்து என் கையப் புடிச்சுக்குங்க!"

அந்தப் படத்தின் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் தம்பி. அவள் சொல்வது கேட்கவில்லை.